நான் பிடித்த மீனும் போதகர் ஐயாவின் பசியும்

மீனைப் பிடித்துத் திரும்பவும் கடலிலேயே விட்டுவிடுகிற மனிதர்கள் உலகத்தில் உண்டென்று எனக்கு இருபத்துமூன்று வயதுவரை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் வாழைக்காய்த் தோலைக்கூட எறிய மாட்டார்கள். அது வறையாகி மறுநாள் சோற்றோடு வரும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளின் கையில் ஒரு தூண்டிலைக் கொடுத்தது அமெரிக்காக்காரி செய்த பிழை. அதை நான் வாங்கியது யாருடைய பிழை என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது.

அப்போது முப்பதுகளின் நடுப்பகுதி. நான் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் வேதபாடமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை நடத்திய அமெரிக்க மாதை நாங்கள் எல்லோரும் மிஸியம்மா என்போம். யாழ்ப்பாணத்துக்கு வந்து தலை நரைத்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் வேதாகமம் எழுந்து நின்று பேசுவதுபோலப் பேசுவார். "மகளே, கதவைச் சாத்துவாயாக" என்பார். சித்திரை விடுமுறையில் வெயில் தாங்காமல் காரைநகர்க் கடற்கரையிலிருந்த ஒரு பங்களாவுக்குப் போய்விடுவார். அந்த வருடம் அவருடைய தங்கை கப்பலேறி வந்திருந்தார். தங்கைக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பேச்சுத்துணைக்கு நீயும் வா என்றார் மிஸியம்மா. கடற்கரை, பங்களா, மணியடிக்காத காலை! நான் ஓம் என்று சொல்லி முடிக்குமுன் என் பெட்டி கட்டி முடிந்துவிட்டது.

தங்கையும் அக்காவைப்போல இருப்பார் என்று நினைத்தேன். அக்கா இந்த ஊருக்கு வேதப்புத்தகத்தோடு வந்தவர். தங்கை நீளமான தோல் உறையில் தூண்டில் தடிகளோடு வந்தவர். ஐம்பது வயது, ஆண்பிள்ளைத் தொப்பி, வெயிலில் காய்ந்து பனங்கட்டி நிறமாகிப்போன கைகள். அவருடைய ஊரிலும் காரைநகரைப்போல முழங்கால் அளவுக் கடல் இருக்கிறதாம். அதில் வெள்ளியாய் மினுங்கும் ஒரு மீன் வந்து மேயுமாம். உடம்பெல்லாம் முள், தின்ன ஆகாது, ஆனால் தூண்டிலில் மாட்டினால் அதைப்போல ஓடுகிற மீன் வேறில்லையாம். அது இங்கேயும் இருக்கும் என்று கப்பலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருந்தது உண்மைதான். சந்தைக்கு வந்தால் எங்கள் ஆட்கள் "உந்த முள்ளுக்கட்டையை ஆர் தின்னுறது" என்று தள்ளிவிட்டுப் போகிற மீன் அது. அதற்காக அந்த மனுஷி பாதி உலகத்தைக் கடந்து வந்திருந்தார்.

எங்கள் குடும்பத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் தோட்டக்காணிக்காரர், புகையிலையும் வெங்காயமும். கடலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு சாப்பாட்டுக் கோப்பையோடு முடிந்துவிடும். மீன் இல்லாமல் சோறு இறங்காது, ஆனால் அதைப் பிடிக்கிறவர்களின் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டோம். என் பூட்டன் கிறிஸ்தவரானபோது திருநீற்றை அழித்தார், குடுமியை அறுத்தார், பெயரை மாற்றினார். இந்த ஒன்றை மட்டும் பொட்டலமாகக் கட்டிப் பத்திரமாகக் கூடவே கொண்டுவந்துவிட்டார். நாங்களும் அதைப் பழுதுபடாமல் பார்த்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கலிலேயாக் கடலின் மீன்பிடிகாரரை நினைத்துக் கண்ணீர் மல்கப் பாடுவோம். திங்கட்கிழமை படலையில் நிற்கும் மீன்காரிக்குக் காசைக் கையில் கொடுக்காமல் நிலத்தில் வைப்போம்.

அந்த நேரம் எனக்கு ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நெல்லியடிப் பக்கத்தில் ஓய்வுபெற்று இருந்த ஒரு போதகரின் மகன். அங்கே கல்லூரியில் படிப்பிக்கிறவர். பேச்சு வருமுன்பே நான் அவரைக் கண்டிருந்தேன். ஒரு பரிசளிப்பு விழாவுக்கு எங்கள் பிள்ளைகளைப் பாட்டுப்பாடக் கூட்டிக்கொண்டு போனபோது, பிரதம விருந்தினர் தன்னுடைய இளமைக் கஷ்டங்களை உருக்கமாக விவரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கக் கூடாத ஓர் இடத்தில் மண்டபத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டோம். ஒன்று நான், மற்றது அவர். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். அதற்குப் பிறகு அம்மா எந்த மாப்பிள்ளையைச் சொன்னாலும் எனக்கு வேண்டாம் என்றேன். இவருடைய சம்பந்தம் வந்தபோது மட்டும் "உங்கடை விருப்பம் அம்மா" என்று தலையைக் குனிந்தேன். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. எனக்கு அவர் வேண்டும், அவர்தான் வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அப்பா மலாயாவில் கிளாக்கர். அதனால் வீட்டில் ஆட்சி அம்மாவினுடையது. நான் பங்களாவில் இருக்கிறேன் என்றதும் அம்மாவின் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. "வெள்ளைக்காறியின்ரை மேசையிலை வைச்சுப் பொம்பிளை காட்டினா அந்த எடுப்பே வேறை" என்று சொல்லி, சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போதகரையும் மகனையும் அங்கேயே வரவழைத்துவிட்டார். சமையல் அம்மாவுடையது, மேசையும் கோப்பையும் மிஸியம்மாவுடையது. மிஸியம்மாவுக்கும் இதில் வலு சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய நாட்களில் நான் தங்கையம்மாவின் பின்னால், இரைக்கு வைத்த இறால் பேணியைக் காவிக்கொண்டு திரிந்தேன். ஒரு கையில் பேணி, மறு கையில் மூக்கைப் பொத்திய கைலேஞ்சி. கடலில் காலைத் தூக்கி வைக்கக் கூடாது, மணலோடு தேய்த்துக்கொண்டே நடக்கவேண்டும். இல்லாவிட்டால் திருக்கையை மிதித்துவிடுவோம். இப்படி இரண்டு பெண்கள் கடலுக்குள் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்தால் யாரும் வாதம் வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். தங்கையம்மா திடீரென்று நிற்பார், விரலை நீட்டுவார். தூரத்தில் தண்ணீருக்கு மேலே வால்கள் மட்டும் தெரியும். மீன்கள் தலையைக் கீழே போட்டு மணலைக் கிண்டிக்கொண்டு நிற்கும். அவர் தூண்டிலை எறிவார், பிடிப்பார், மீனுக்கு இரண்டு வார்த்தை அன்பாகச் சொல்வார், விட்டுவிடுவார். நான் கரைக்கு வந்து மிஸியம்மாவிடம், "உங்கள் தங்கைக்குச் சுகம்தானே?" என்று மெதுவாய்க் கேட்டேன்.

பிறகு ஒருநாள் தடியை என்னிடம் நீட்டினார். நான் மாட்டேன் என்றேன். எங்கள் ஆட்கள் மீன் பிடிப்பதில்லை என்றேன். "இது மீன்பிடி அல்ல, விளையாட்டு" என்றார் அவர். விளையாட்டு என்றால் பள்ளிக்கூடத்தில் பந்து எறிவதில்லையா, அது மாதிரித்தானே என்று மனச்சாட்சிக்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டு வாங்கினேன். முதல் வீச்சில் கொக்கி என் கொண்டையில் மாட்டியது. அடுத்ததில் அவருடைய தொப்பியில். மீன்களுக்கு என்னால் ஓர் ஆபத்தும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம்வரை இப்படியே போனது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. மத்தியானம் அவர் வருகிறார் என்ற நினைப்பில் சேலையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். தங்கையம்மா பார்த்துப் பொறுக்காமல், உனக்குக் கடல்தான் மருந்து என்று என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பக்கத்துக் கரைக் கத்தோலிக்கக் கோயிலில் அன்று பெருநாள். தோணிகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன, கரையில் ஒரு காக்கைகூட இல்லை. பார்க்க ஆளில்லை என்ற துணிவில் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

வால்களைக் கண்டேன். எறிந்தேன். அன்றைக்கென்று இறால் விழவேண்டிய இடத்தில் விழுந்தது. நூல் மெல்ல ஒருதரம் அசைந்தது. "தூக்கு!" என்று கத்தினார் தங்கையம்மா. தூக்கினேன். அவ்வளவுதான், நூல் சுற்றியிருந்த பித்தளைச் சக்கரம் அலறத் தொடங்கியது. நூல் கடலைக் கிழித்துக்கொண்டு நேரே இந்தியாவுக்குப் போனது. சுழன்ற கைபிடி என் விரல் மூட்டில் அடித்துத் தோலை உரித்தது. நான் ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டு பின்னாலே ஓடினேன். அது நின்றது, நான் சுற்றினேன். கிட்ட வந்தது, என் முகத்தைக் கண்டது, திரும்பவும் ஓடியது. நான் விழுந்தேன். மூக்கால் உப்புத் தண்ணீர் ஏறியது. தடியை விடவில்லை. அதுவரை என் வாழ்க்கையில் நான் இழுத்த எதுவும் என்னைத் திருப்பி இழுத்ததில்லை. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல், அவ்வளவு சந்தோஷத்தோடு அந்த மீனோடு மல்லுக்கட்டினேன்.

கடைசியில் அது களைத்துப்போய்ப் பக்கவாட்டில் சரிந்தது. தங்கையம்மா கொக்கியைக் கழற்றி, மீனை இரண்டு கையாலும் ஏந்தி, மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கே கொண்டுபோகிறீர்கள்?"

"விடப்போகிறேன். நன்றாகப் போராடியது. போகட்டும்."

"நானும்தான் போராடினேன்" என்றேன்.

முள், தின்ன முடியாது என்றார். உங்களால் முடியாது என்று சொல்லிவிட்டு மீனைப் பறித்து வாளிக்குள் போட்டேன். அன்று அதை விட்டிருந்தால் அது கடலுக்குப் போயிருக்கும், நான் நெல்லியடிக்குப் போயிருப்பேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திராது. ஆனால் கைக்கு வந்த நல்ல மீனை யாராவது விடுவார்களா? சண்டிலிப்பாயில் பிறந்த ஒரு பெண்ணிடம் அதை எதிர்பார்க்கலாமா?

நாங்கள் பங்களாவுக்குத் திரும்பியபோது அம்மா வண்டியிலிருந்து சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம், எல்லாம் இருந்தது. மீன் மட்டும் கரையில் துடிக்கத் துடிக்க வாங்கலாம் என்பது அவருடைய திட்டம்.

"கோதாரி, பெருநாளாம், ஒரு தோணியும் இறங்கேல்லையாம்! போதகர் மீன் இல்லாமச் சோத்திலை கை வைக்கமாட்டார். நான் என்ன செய்யிறது?" என்று தலையில் கை வைத்தவரின் கண்ணில் வாளி பட்டது. "உது எங்காலை வந்தது?"

"நான் பிடிச்சனான், அம்மா."

அம்மா முதலில் சிரித்தார். பிறகு என் ஈரச் சேலையைப் பார்த்தார், உரிந்த விரலைப் பார்த்தார், கொண்டையில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் பிடித்தாய் என்றோ, விழுந்தாயா, நோகிறதா என்றோ கேட்கவில்லை.

"ஆரும் கண்டவையோ?" என்றார்.

"இல்லை."

"அப்ப நீ பிடிக்கேல்லை. வெள்ளைக்காறி பிடிச்சது. விளங்கிச்சோ? போ, போய்த் தலையைக் கழுவு, விசர்ப்பெட்டை. கடல் மணக்குது."

இவ்வளவையும் சொல்லிக்கொண்டே மீனை வாளியிலிருந்து தூக்கி எடை பார்த்தார். என் அம்மா கெட்டிக்காரி. வயிற்றைக் கீறி, கரண்டியால் சதையைச் சுரண்டி எடுத்து, முள் முழுவதையும் தோலோடு பூனைக்கு எறிந்தார். சதையை மிளகும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து கட்லட் பொரித்தார். வாசம் கிணற்றடிவரைக்கும் வந்தது.

போதகர் பெரிய ஆகிருதி. கழுத்துவரை மூடிய வெள்ளைக் கோட்டு. மனைவி இல்லாதவர். மகன் எனக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தார். தகப்பனுக்கு முன்னால் பெண்ணைப் பார்க்கக் கூடாதென்று உப்புக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குப்பியின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. போதகர் சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கி, கறியில் ஆடை படியுமட்டும் ஜெபித்தார். பிறகு கட்லட்டில் வைத்த கையைத் திரும்ப எடுக்கவில்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது தட்டுக்கு வந்தது.

"அருமை, அருமை! ஆனா இண்டைக்குத் தோணி ஒண்டும் இறங்கேல்லை எண்டு வழியிலை சொன்னாங்கள். மீன் எப்பிடிக் கிடைச்சது?"

"மிஸியம்மாவின்ரை தங்கச்சி பிடிச்சவ, ஐயா" என்றார் அம்மா, கண்ணும் சிமிட்டாமல். "அவைக்கு உது ஒரு பொழுதுபோக்கு."

போதகரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்கோவன்! எவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளை. தன்ரை கையாலை மீன் பிடிச்சு எங்களுக்குச் சாப்பாடு போடுறா. உதெல்லோ கிறிஸ்தவத் தாழ்மை! தம்பி, கவனிச்சியோ?"

தம்பி உப்புக் குப்பிக்குத் தலையாட்டினார். போதகர் அத்தோடு விட்டிருக்கலாம். தங்கையம்மாவின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் ஒரு நன்றியுரை ஆற்றினார். தங்கையம்மா திகைத்துப்போய், நானா, இல்லையில்லை, இவள்தான் என்று என்னைக் காட்டினார். காட்டியதோடும் நிற்கவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, முள்ளுக்கரண்டியைத் தடியாகப் பிடித்துக்கொண்டு, நான் ஓடியதையும் விழுந்ததையும் ஐயோ என்று கத்தியதையும் நடித்துக் காட்டினார். என் தோளில் ஓர் அடி போட்டு, முதல் மீனிலேயே இப்படி ஒரு கையைத் தான் கண்டதில்லை என்றார். போதகர் ஐயாவுக்கு ஆங்கிலம் சுத்தமாக விளங்கும். அது மிஷன் எங்களுக்குச் செய்த நன்மை.

"பிள்ளை சும்மா தடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ, ஐயா" என்று அம்மா குறுக்கே விழுந்தார்.

போதகர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீயோ பிடிச்சனீ?"

மேசைக்குக் கீழே அம்மாவின் குதி என் கால் விரல்களை நசுக்கியது. இல்லை ஐயா என்றால் போதும். அந்த நல்ல மனிதர் நம்பத் தயாராக இருந்தார். முகத்தில் கெஞ்சல்கூடத் தெரிந்தது. அப்போதுதான் மகன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அன்று மண்டபத்தில் திரும்பிப் பார்த்த அதே பார்வை. என்னைப் பற்றி அவருக்கு ஒன்றாவது தெரிந்திருக்கவேண்டும் என்று எனக்கு அடக்க முடியாத ஆசை வந்துவிட்டது.

"ஓம் ஐயா. நான்தான்" என்றேன்.

போதகர் கையிலிருந்த பாதிக் கட்லட்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். துவாயால் வாயைத் துடைத்தார். அம்மா எழுந்து நின்று, பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கண் கலங்கினார்.

"உங்கடை பொய்யை நான் பெரிசாய் எடுக்கேல்லை, அம்மா. தாய் மனம். கர்த்தர் மன்னிப்பார். ஆனா உது..." என்று கட்லட்டைக் காட்டினார். "நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்? எனக்கும் கட்டிக் குடுக்கிறதுக்குப் பெட்டையள் இருக்குதுகள்."

மிஸியம்மாவின் முகம் சிவந்துபோனது. "போதகரே, நம்முடைய ஆண்டவர் முதன்முதல் அழைத்தவர்கள் மீன்பிடிகாரர் அல்லவா?"

"ஓம் அம்மா" என்றார் போதகர் வெகு மரியாதையாக. "அழைச்ச உடனை அவையும் அதை விட்டிட்டினம்தானே."

இந்த ஊரில் ஆயுளில் பாதியைக் கழித்த மிஸியம்மா புடிங்கைக் கொண்டுவரச் சொன்னார். புடிங் வந்தது. போதகர் அதை மறுக்கவில்லை. அது முட்டையும் பாலும்தானே. வீட்டுக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார். அந்தக் கடிதம் வராது என்று மேசையிலிருந்த எல்லோருக்கும் தெரியும், என்ன நடந்தது என்று விளங்காமல் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கையம்மாவைத் தவிர.

வாடகைக் கார் விறாந்தை வாசலுக்கு வந்தது. போகுமுன் ஒரு வார்த்தை ஜெபிப்போம் என்றார் போதகர். எல்லோரும் வட்டமாக நின்று கண்ணை மூடினோம். பிரயாணத்துக்காக, பங்களாவுக்காக, அமெரிக்காவுக்காக என்று ஜெபம் நீண்டுகொண்டு போனது. என் பக்கத்தில் யாரோ நகர்ந்து வந்து நிற்பது தெரிந்து கண்ணைத் திறந்தேன். அவர். அவருடைய கண்ணும் திறந்துதான் இருந்தது.

"அது இழுக்கேக்கை எப்பிடி இருந்தது?" என்று காதோடு கேட்டார்.

அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. நான் சொன்னேன். குசுகுசுவென்று, மூச்சு விடாமல், முழுவதையும் சொன்னேன். நூல் அசைந்ததை, சக்கரம் அலறியதை, அது திரும்பிவந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடியதை, உரிந்த விரலைக் காட்டிச் சொன்னேன். அவர் வாயைச் சற்றே திறந்தபடி, கதை கேட்கிற பிள்ளையைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பன் அந்த நேரம் நோயாளிகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"எங்கடை வீட்டிலை இருந்து கடல் நடக்கிற தூரம்தான்" என்றார் அவர். "நான் ஒருநாளும் கால் நனைச்சதில்லை."

நனையுங்கோவன், நான் கூட்டிக்கொண்டு போறன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போதகர் ஆமென் என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அவரும் கண்ணை மூடித் திறந்து ஆமென் என்றார். பிறகு போய்க் காரில் ஏறித் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தார். கார் கிளம்பி, காரைநகரை மறுகரையோடு சேர்க்கிற பாலத்தடிப் பக்கம் திரும்புமட்டும் நான் படியிலேயே நின்றேன், அவர் இறங்கி வருவார் என்று.